வெதுவெதுத்த ஊர்

தாழந்துறையில் சூடும் குளிரும் இல்லாமல் போனது இறை இரக்க நவநாளின் ஒன்பதாம் நாள், பிற்பகல் மூன்றே காலுக்கு. கடிகாரம் பார்த்தவன் கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை தொம்மை. தூபக்கால் அவன் கையில்தான் இருந்தது.

நவநாள் தெரியாதவர்களுக்கு ஒரு தடவை சொல்கிறேன். பெரிய வெள்ளியில் தொடங்கி ஒன்பது நாள், தினமும் மூணு மணிக்கு, ஆண்டவர் உயிர்விட்ட நேரத்துக்கு, செபமாலையை உருட்டி எங்கள் மேலும் உலகம் முழுவதன் மேலும் இரங்கும் என்று கேட்பது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கூட்டத்தாருக்காக. பாவிகளுக்கு ஒரு நாள், குருக்களுக்கு ஒரு நாள், ஆண்டவரை அறியாதவர்களுக்கு ஒரு நாள், செத்தும் மோட்சம் சேராமல் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு ஒரு நாள் என்று போய், கடைசி நாள் வெதுவெதுப்பான ஆத்துமாக்களுக்கு. சூடும் இல்லை குளிரும் இல்லை, ஆம் என்றும் சொல்லமாட்டார்கள் இல்லை என்றும் சொல்லமாட்டார்கள், அந்த வகை. ஆண்டவருக்கு மற்ற எல்லாரையும்விட இவர்களால்தான் வேதனை அதிகம் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது.

எங்கள் ஊரில் இதோடு ஒரு வழக்கம் உண்டு. அந்தந்த நாளுக்கு உரியவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவோம். செபம் முடிந்ததும் சீட்டைப் பிரிக்காமல் தூபக்காலில் போட்டு எரிப்பார்கள். எட்டு நாள் பெட்டியில் பாதிகூடச் சேராது. ஒன்பதாம் நாள் மட்டும் மூடி மூடாது. தன் பெயரை எழுதுகிறவன் ஒருத்தனும் கிடையாது. கொழுந்தியாள் பெயர், சம்பந்தி பெயர், பக்கத்து வீட்டுக்காரன் பெயர், பங்குச்சாமி பெயர். வருடம் பூராவும் வாயில் வைத்திருந்ததையெல்லாம் அன்றைக்குப் பக்தியாகத் துப்பிவிடுவோம்.

அந்த வருடம் பெட்டி நிரம்பி வழிந்தது. காரணம் இருந்தது.

தவக்காலத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை பெர்க்மான்ஸ் முதலாளியின் ஐஸ் கம்பெனியில் ஜெரிட்டா செத்துப்போனாள். இருபத்திரண்டு வயது. மேலத்தெரு சவேரியம்மாளுக்கு ஒரே மகள், தகப்பன் முன்பே கடலோடு போய்விட்டான். மீன் அடைக்கிற அறையில் ஜெரிட்டாவுக்கு வேலை. வெள்ளிக்கிழமையானால் மூணு மணிக்குக் கோயிலுக்கு ஓடி, செபத்தில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு ஓடி வருவாள். மேஸ்திரிக்கு அது ஆகாது. அன்றைக்கு மற்ற பெண்கள் சிலுவைப்பாதைக்கு லீவு போட்டிருந்தார்கள். லோடு போயாக வேண்டும், அவள் ஒருத்தி மட்டும் உள்ளே. இவளும் ஓடிவிடுவாள் என்று மேஸ்திரி இரண்டரைக்கு வெளியிலிருந்து கதவைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனான். மூணு மணிக்கு அம்மோனியாக் குழாய் வெடித்தது.

எதிரே சில்வேஸ்டர் டீக்கடையில் ஐந்து பேர் இருந்தோம். பூட்டினதைப் பார்த்தோம். அவள் தட்டினதைக் கேட்டோம். கடப்பாரையால் பூட்டை உடைத்தவன் நான். பெயர் கஸ்பார். எத்தனை அடியில் உடைந்தது என்றுகூடத் தெரியும். ஏழு. ஆறாவது அடிக்கு உள்ளே தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

பூட்டு சாயங்காலத்துக்குள் காணாமல் போனது. கதவு பூட்டவே இல்லை, பிள்ளை பயத்தில் திறக்கத் தெரியாமல் திணறிவிட்டது என்றார் முதலாளி. விசாரணைக்கு அதிகாரி போட்டார்கள். சவேரியம்மாளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம்: கதவு பூட்டியிருந்தது. ஐந்து பேரில் ஒருத்தன் சொன்னால் போதும். இல்லையென்றால், பிள்ளை தன் தப்பால் செத்தது என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

அவள் ஐந்து வீட்டுக்கும் வந்தாள். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. அதுதான் எங்கள் யோக்கியதை. "பார்ப்போம்மா" என்றான் சில்வேஸ்டர். "நாள் வரட்டும்" என்றான் சுமைக்காரன் கித்தேரியான். நான், "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன். ஊரில் உள்ள அத்தனை வள்ளத்துக்கும் அந்தக் கம்பெனி ஐஸ்தான். கம்பெனியை மூடினால் பிடித்த மீனை எங்கே வைப்பது? ஊர்க் கமிட்டித் தலைவர் மிக்கேல் எங்களைக் கூப்பிட்டு வைத்து ஒன்று சொன்னார்: "யாரையும் பொய் சொல்லச் சொல்லலைப்பா. எதுக்கு அம்புட்டு அழுத்திச் சொல்லணும்னுதான் கேக்கேன்."

நவநாளின் ஒன்பதாம் நாள் அப்படி வந்தது. ஐந்து பேருக்கும் மற்ற நான்கு பேர் மேல் கோபம், அவனாவது சொல்லித் தொலைக்கலாமே என்று. நான் சில்வேஸ்டர் பெயரை எழுதினேன். சில்வேஸ்டர் என் பெயரை எழுதினான். ஊரே எங்கள் ஐந்து பேரையும் எழுதியது, நாங்கள் ஊரையே எழுதினோம். மூணு மணிக்குச் செபம். பங்குச்சாமி தலையாட்டினார். தொம்மை தணலில் சீட்டுகளைக் கொட்டினான்.

எரியவில்லை. தணல் சிவப்பாகத்தான் இருந்தது. தொம்மை ஊதினான், தீ எழுந்தது, சீட்டுகள் தீயின் நடுவில் வெள்ளையாக, ஓரம்கூடக் கருகாமல் கிடந்தன. அவன் விரலை விட்டுப் பார்த்தான். பிறகு முழுக் கையையும் விட்டான். "சாமி," என்றான், "குளிக்கத் தண்ணி விளாவின மாதிரி இருக்கு."

எரியாத சீட்டை என்ன செய்வது என்று பிரித்துப் படித்தார்கள். ஊரில் ஒரு பெயர் பாக்கியில்லை. பங்குச்சாமி பெயர் மட்டும் பதினோரு சீட்டில் இருந்தது. அவர் எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். ஒரே ஒருத்தி பெயர்தான் இல்லை. சவேரியம்மாள் பெயரை எழுத எவனுக்கும் கை வரவில்லை.

வீட்டுக்குப் போனால் எல்லா அடுப்பிலும் அதே கதை. தீக்குச்சி உரசினால் எரிந்தது, கேஸ் நீலமாக எரிந்தது, தீயும் சுடவில்லை, உலையும் கொதிக்கவில்லை, பானையில் ஊற்றி வைத்த தண்ணீரும் குளிரவில்லை, கடலில் கால் வைத்தாலும் வெதுவெதுப்பு, கிணற்றில் இறைத்தாலும் வெதுவெதுப்பு, பிரிட்ஜில் கையை விட்டாலும் யாரோ உட்கார்ந்து எழுந்த நாற்காலிபோல ஒரு வெதுவெதுப்பு. ஊருக்கு வெளியே போய்ச் சமைத்துப் பார்த்தார்கள். எங்கள் கை பட்ட தீ எங்கே மூட்டினாலும் அப்படித்தான். டவுன் ஓட்டலில் கொதிக்கக் கொதிக்க ஊற்றின சாம்பார், எங்கள் ஆள் இலையில் விழுந்ததும் ஆறிப்போனது.

பயந்திருப்போம் என்று நினைக்கிறீர்கள். இரண்டு நாள் பயந்தோம். மூன்றாம் நாள் பழகிவிட்டது.

சில்வேஸ்டர் டீயை அப்படியே விற்றான். முதல் வாரம் பாதி விலை, இரண்டாம் வாரம் முழு விலை. "வாய் சுடாதுல்லா, மடமடன்னு குடிச்சிட்டுப் போயிட்டே இருக்கலாம்" என்றான், குடித்தவர்களும் அது சரிதான் என்றார்கள். இஸ்திரிப் பெட்டி வேலை செய்யவில்லை, எல்லாரும் கசங்கின துணியோடு பூசைக்குப் போனோம், எல்லாரும் கசங்கியிருந்தால் யாரும் கசங்கியிருப்பதில்லை. ஊசி போட வரும் நர்சம்மாவின் தெர்மாமீட்டர் பிள்ளைக்கும் கிழவனுக்கும் ஒரே எண்ணைக் காட்டியது, காய்ச்சல் ஒழிந்தது என்று தாய்மார் சந்தோசப்பட்டார்கள். தர்மநாதன் வீட்டில் கிழவர் செத்தபோதுதான் சங்கடம். உடம்பு சில்லிடவில்லை. செத்தாரா தூங்குகிறாரா என்று இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் மூக்கு முடிவு சொன்ன பிறகு அடக்கம் பண்ணினார்கள். கலியாணம் நடந்தது. சம்மதமா என்று சாமி கேட்டதற்கு மாப்பிள்ளை "சரி, ஆகட்டும்" என்றான், பெண் "ம்" என்றாள், அதுவே போதும் என்று மாலையை மாற்றிவிட்டார்கள். புருசன் பெண்டாட்டிச் சண்டை பாதியில் நின்றது. நின்றது என்றால் தீர்ந்தது என்று அர்த்தம் இல்லை.

மின்சார ஆபீசில் மனுக் கொடுத்தோம். எஞ்சினியர் வந்தார், சில்வேஸ்டர் டீயைக் குடித்தார், வோல்டேஜ் குறைவு என்று எழுதிக்கொண்டு போனார். டிவிக்காரர்கள் வந்தார்கள். வெதுவெதுப்பைப் படம் பிடிக்க முடியவில்லை, கடலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆயர் இருக்கிற மேற்றிராசன இல்லத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இதைப் புதுமை, அற்புதம் என்று சொல்வதற்கில்லை, இல்லை என்று மறுப்பதற்கும் இல்லை, மக்கள் செபத்தில் நிலைத்திருக்கவும் என்று இருந்தது. அவர்கள் பெயரையும் யாரோ சீட்டில் எழுதியிருக்க வேண்டும்.

ஐஸ் கம்பெனியில் தண்ணீர் உறையவில்லை. பெர்க்மான்ஸ் முதலாளி பத்து நாள் பார்த்தார், பதினோராம் நாள் எந்திரத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு, மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். மீனை உப்பில் போட்டோம். எந்தக் கம்பெனி மூடிவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தோமோ அந்தக் கம்பெனியே இல்லை. இனி என்ன தடை என்று கேட்பீர்கள். நாங்களும் அப்படித்தான் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டோம். "பார்ப்போம்" என்று பதிலும் சொல்லிக்கொண்டோம்.

சாப்பாடுதான் கொடுமை. அவல், டவுன் ரொட்டி, ராத்திரி பூராவும் ஊற வைத்த அரிசி. பதினேழாம் நாள் காலையில் கித்தேரியான் பெண்டாட்டி தண்ணீருக்குப் போனவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிட்டாள். மேலத்தெரு கடைசியில், சவேரியம்மாள் வீட்டுக் கூரையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. புகை எல்லா வீட்டிலும்தான் வரும். இது சோறு பொங்குகிற ஆவி. எத்தனை நாளாக வந்ததோ, அன்றைக்குத்தான் எங்கள் கண்ணில் பட்டது. அந்த வாசனையை நாங்கள் அதற்குள் மறந்திருந்தோம்.

ஒரு மணி நேரத்தில் அவள் வாசலில் பதினைந்து பானை.

வாசல்படியில் நின்று எல்லாரையும் பார்த்தாள். மகள் செத்த ஒன்றரை மாதத்தில் அந்த வாசலுக்கு வந்தவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். திட்டுவாள் என்று எதிர்பார்த்தோம். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒவ்வொருத்தரா வாங்க," என்றாள். "அடுப்ப நான்தான் மூட்டணும், நீங்க தொட்டா ஆறிப்போகும். உலை வச்சாச்சுன்னா வேகுற வரைக்கும் உக்காருங்க. உக்காந்து, ஜெரிட்டா செத்த அன்னைக்கு நீங்க பார்த்ததச் சொல்லுங்க. பார்க்காதவுங்க கேட்டதச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"இது என்ன பாவசங்கீர்த்தனமா?" என்றாள் மிக்கேலின் பெண்டாட்டி.

"அரிசி ஒங்களது. விறகு என்னது. இஷ்டம்னா வாங்க மைனி."

வந்தாள். எல்லாரும் வந்தார்கள். அந்த அடுப்பங்கரையில் நிஜமான சூடு இருந்தது. உட்கார்ந்தால் நெற்றி வேர்க்கும், கண் எரியும், மூன்று வாரமாக மரத்துக் கிடந்த நாக்கு இளகும். உலை சத்தம் போடத் தொடங்கினதும் வாய் தானாகத் திறந்துகொள்ளும். சில்வேஸ்டர், மேஸ்திரி பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகினதைச் சொன்னான். கித்தேரியான், அவள் தட்டினது முதலில் உள்ளங்கையாலும் பிறகு ஏதோ இரும்பாலும் என்று சொன்னான், சொல்லும்போதே தன் தலையில் அடித்துக்கொண்டான். மிக்கேலின் பெண்டாட்டி, உடைந்த பூட்டு அன்று சாயங்காலம் தன் வீட்டு அரிசிப் பானைக்குள் இருந்ததைச் சொன்னாள். மறுநாள் மிக்கேல் அதை வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் போட்டுவிட்டாராம். எல்லாம் சொன்னார்கள். ஊரில் ஒளித்து வைத்திருந்தது அத்தனையும் அந்த ஒரு அடுப்பைச் சுற்றி, சோறு பொங்கப் பொங்க, வெளியே வந்தது. சவேரியம்மாள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை. அரிசியைப் பதம் பார்க்கிறது மாதிரி ஒவ்வொரு வார்த்தையையும் அழுத்திப் பார்த்தாள்.

நான் ஆறாம் நாள் போனேன். பழைய அரிசி, வேக நேரமாகும்.

"ஏழு அடி," என்றேன். "ஆறாவதுல சத்தம் நின்னுட்டு. நாலாவது அடி சறுக்கி வீணாப்போச்சு. அது சறுக்கலைன்னா..."

அவள் கஞ்சியை வடித்தாள்.

"மாமா, இத அந்த அதிகாரிட்டயும் சொல்லுவீயளா?"

"சொல்லுவேன்."

"கதவு பூட்டியிருந்துச்சுன்னு?"

"பூட்டியிருந்துச்சு, நான்தான் ஒடச்சேன்னு சொல்லுவேன். மாதா மேல சத்தியம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்த அடுப்பு வெளிச்சத்தில் நான் நல்லவனாகத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கே அப்படித்தான் இருந்தது. "போதும் மாமா," என்றாள். அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதாள். ஐந்து பேரும் சத்தியம் பண்ணியிருந்தோம். ஐந்து பேரையும் நம்பினாள்.

வாசல் தாண்டி வந்ததும் பானைச் சூடு ஆறிவிட்டது. வெந்த சோறு வெந்ததுதான், அதனால் யாரும் கவலைப்படவில்லை.

விசாரணை நாள் வந்தது. நாங்கள் ஐந்து பேரும், கூட மிக்கேலும், கமிட்டி பிடித்த வேனில் போனோம். அவள் பஸ்ஸில் வந்தாள். ஜெரிட்டா வேலைக்குப் போகும்போது மாட்டுகிற அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டிருந்தாள். அதிகாரி சின்ன வயசுப் பெண், கெட்டிக்காரி. அறைக் கதவைத் திறந்தே வைத்திருந்தார். வெளி பெஞ்சில் இருந்த சவேரியம்மாளுக்கு உள்ளே பேசுவது எல்லாம் கேட்கும்.

சில்வேஸ்டர் முதலில் போனான்.

"கதவு பூட்டியிருந்ததா?"

"சாத்தியிருந்துச்சுங்க."

"பூட்டு தொங்கினதா இல்லையா?"

"வெயில் மூஞ்சில அடிச்சுது. கவனிக்கலைங்க."

கித்தேரியான், பூட்டியிருந்திருக்கலாம், பூட்டாமலும் இருந்திருக்கலாம் என்றான். மற்ற இரண்டு பேரும், முன்னால் போனவர்கள் சொன்னதுதான் எங்களுக்கும் என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை என்று சாதிக்கலாம். உண்மையையும் சொல்லவில்லை.

கடைசியில் நான். நாற்காலியில் உட்கார்ந்தபோது சொல்லத்தான் நினைத்திருந்தேன். அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "பெரியவரே, கதவைத் திறந்தது நீங்கதானே?" என்றார்.

"ஆமா."

"எப்படித் திறந்தீங்க?"

வாக்கியம் வயிற்றிலிருந்து சூடாகத்தான் கிளம்பியது. நெஞ்சுக்கு வந்தது, தொண்டைக்கு வந்தது, நாக்குக்கு வரும்போது குளிக்கத் தண்ணி விளாவின மாதிரி ஆகிவிட்டது.

"தள்ளினோம். தொறந்துச்சு."

"கையில் கடப்பாரை இருந்ததாமே?"

"இருந்துச்சு."

"எதுக்கு?"

"கையில இருந்துச்சு."

அவர் எழுதினார். எழுதினதை எனக்குப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார். எனக்கு எவனும் காசு கொடுக்கவில்லை, எவனும் மிரட்டவில்லை, கம்பெனி இருந்த இடத்தில் ஆடு மேய்கிறது. பின்னே எதற்காக என்று நீங்கள் கேட்கலாம். சீட்டின் மேல் பழி போட மாட்டேன். சீட்டு வருவதற்கு முன்பே அவளிடம், யோசிச்சுச் சொல்லுதேன் என்றவன் நான்.

வெளியே வந்தபோது அவள் பெஞ்சிலேயே இருந்தாள். நாங்கள் ஐந்து பேரும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. தாண்டினோம். கித்தேரியான் மட்டும் நின்று, "பஸ்ஸுக்கு நேரமாகுமே, வேன்ல வாரியாம்மா?" என்றான். அவள் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். பத்து நாள் கழித்துத் தாள் வந்தது: விபத்து, பணியாளரின் கவனக்குறைவு.

அன்று வேனில் திரும்பும்போது ஐந்து பேருக்கும் ஒரே கவலைதான் இருந்தது. அதை மிக்கேல்தான் வாய்விட்டுக் கேட்டார்: "நாளைக்கு அடுப்பு மூட்டுவாளா?"

மூட்டினாள். விடிந்ததும் ஆவி வழக்கம்போல எழுந்தது. முதலில் யாருக்கும் கால் வரவில்லை, ஒருத்தி போனாள், அவள் பின்னால் இரண்டு பேர், அப்புறம் மொத்தத் தெருவும். எட்டு மணிக்கு வாசலில் நாற்பது பானை, இடம் பிடிக்கச் சண்டைகூட வந்தது, அதுவும் பாதியில் நின்றது. சவேரியம்மாள் வரிசையாகக் கூப்பிட்டாள். வெறுப்பு காட்டவில்லை. என் முறை வந்தபோது பானையை வாங்கி வைத்தாள், தீயைத் தள்ளிவிட்டாள். நான் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். நெற்றி வேர்த்தது, கண் எரிந்தது, நாக்கு இளகியது.

"பூட்டியிருந்துச்சு," என்றேன். "ஏழு அடி. அங்க வச்சுச் சொல்ல வரலை. கேளு, நாலாவது அடி..."

"சோறு வேகட்டும் மாமா."

"இல்ல, நான் சொல்லணும். ஆறாவது அடிக்கு..."

அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினாள். இன்னும் வேகவில்லை, எனக்கே தெரிந்தது. விறகை உள்ளே தள்ளினாள், இன்னொன்றும் தள்ளினாள். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், அவள் உலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வழியாக வெந்தது. வடித்து, பானையைத் துணியால் பிடித்து என் பக்கம் நகர்த்தினாள்.

"நாளைக்கு அரிசிய ஊற வச்சுக் கொண்டு வாங்க," என்றாள். "சீக்கிரம் வெந்துரும்."